நம்லாக் வேண்டுமா, வேண்டாமா? நம்பர் பேட் விஷயத்தில் விண்டோஸ், மேக், லினக்ஸ்

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் மொத்தம் 83 விசைகள்தான். அம்புக்குறிகளுக்குத் தனி இடமில்லாமல் வலப்பக்க எண் விசைகளோடு, அதாவது நம்பர் பேடில், ஒண்டுக்குடித்தனம் இருந்தன. இப்போது எண்ணா, அம்பா என்று மாற்றிச் சொல்லத்தான் நம்லாக். பிறகு 101 விசை கீபோர்டு வந்து அம்புகள் தனியே போய்விட்டன. நம்லாக் மட்டும் இன்னும் காலி செய்யவில்லை.

விண்டோஸ் அதை அப்படியே வைத்திருக்கிறது. மேக்கில் அந்தப் பேச்சே இல்லை: நம்பர் பேடில் தட்டினால் எண்தான் விழும். நம்லாக் இருக்க வேண்டிய இடத்தில் 'கிளியர்' விசை, கூடவே '=' போட ஒரு விசை. பிசி கீபோர்டை மேக்கில் செருகினால் அதன் நம்லாக்கும் கிளியராகிவிடும். நம்லாக் விளக்கு எரியவில்லையே என்று கீபோர்டைச் சந்தேகப்பட வேண்டாம்.

உண்மையான குழப்பம் ஷிஃப்டில்தான். விண்டோஸில் நம்லாக் அணைந்திருக்கும்போது ஷிஃப்ட்டோடு நம்பர் பேடின் 4ஐ (இடது அம்பும் அதுதான்) அழுத்தினால், இடப்பக்கம் ஓர் எழுத்து செலக்ட் ஆகும். நம்லாக் எரியும்போது அதே இரண்டையும் அழுத்தினால் கர்சர் நகரும், ஆனால் எதுவும் செலக்ட் ஆகாது. லினக்ஸிலோ, வழக்கமான அமைப்பில், நம்லாக் அணைந்திருக்கும்போது ஷிஃப்ட்டோடு 4 என்றால் '4' என்றே விழும். வார்த்தையை செலக்ட் செய்யப் போனவர் நடுவில் ஒரு 4ஐச் செருகிவிட்டு முழிப்பார். நல்லவேளை, லினக்ஸின் கீபோர்டு அமைப்புகளில் 'விண்டோஸ் போல' என்றும், 'மேக் போல எப்போதும் எண்' என்றும் தேர்வுகள் உண்டு. மற்ற இரண்டும் இந்தச் சலுகையைத் தருவதில்லை.

சிறப்புக் குறிகள் போட நம்பர் பேடைப் பயன்படுத்தும் பழக்கம் விண்டோஸில்தான். நீளக் கோடு (—) வேண்டுமென்றால் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 0151 தட்டுவதுதான் அங்கே பழைய வழக்கம். மேல் வரிசை எண்களில் தட்டினால் வராது. நம்பர் பேட் இல்லாத லேப்டாப்காரர்கள் பாவம். மேக்கில் ஆப்ஷன், ஷிஃப்ட், ஹைஃபன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். லினக்ஸில் பல செயலிகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ அழுத்தி 2014 தட்டி என்டர்.

நம்பர் பேடின் புள்ளி விசையும் எல்லா இடத்திலும் புள்ளியல்ல. ஜெர்மன் லேஅவுட்டில் அது காற்புள்ளி போடும். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளிதான் வழக்கம், சரி. எண்களுக்கு நடுவே புள்ளி வைக்கும் ஐபி முகவரி (இணையத்தில் கணினியின் முகவரி) தட்டும்போதுதான் எரிச்சல்.

நாள் முழுக்க எண் மட்டும் தட்டுபவருக்கு என் ஓட்டு மேக்கின் முறைக்கே. ஆனால் வவுச்சர் போடும் கணக்கு மென்பொருளான டேலி ஓடுவது விண்டோஸில். அப்படியானால் நம்லாக்கை எரியவிட்டு, மைக்ரோசாஃப்டின் இலவசத் துணைச் செயலியான பவர்டாய்ஸின் கீபோர்டு மேனேஜரில் அந்த விசையை முடக்கிவிடலாம். கை தவறிப் பட்டாலும் அணையாது. லாகின் திரையில் இது எடுபடாது. அங்கே பின் நம்பர் விழவில்லையென்றால் முதலில் விளக்கைப் பாருங்கள்.