மொய்ப் பின்னூட்டமா, விஷயமுள்ள பின்னூட்டமா?

வலைப்பதிவுக்கு ஆள் சேர்க்கப் பலர் பிடிக்கும் வழி, கண்ணில் படும் பதிவிலெல்லாம் "அருமை, தொடருங்கள்" என்று போட்டு, கீழே தன் சுட்டியை ஒட்டிவிட்டு வருவது. கல்யாண வீட்டு மொய் மாதிரி, எழுதியவர் மட்டும் வந்து பதிலுக்கு ஒரு "அருமை" வைத்துவிட்டுப் போவார். சுட்டியால் கூகுள் தேடலில் ஏறலாம் என்ற நப்பாசையும் வேண்டாம். 2005லேயே பின்னூட்டச் சுட்டிகளுக்கு 'நோஃபாலோ' (இந்தச் சுட்டியைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) வந்துவிட்டது.

மற்றது, சில பதிவுகளை முழுக்கப் படித்து விஷயத்தோடு எழுதுவது. ரசப்பொடிக் குறிப்பின் கீழே, "துவரம்பருப்பைத் தனியாக வறுங்கள், சேர்த்து வறுத்தால் பருப்பு சிவக்கும் முன் மல்லி கருகிவிடும்" என்று எழுதினால், படிப்பவர்கள் 'யார் இவர்?' என்று பெயரைச் சொடுக்குவார்கள். பெயரிலேயே சுட்டி இருக்கிறதே! நேரம் பிடிக்கும்தான். என் ஓட்டு இதற்கே. பதிவு வெளியான அன்றே எழுதிவிடுங்கள். ஐம்பதாவது பின்னூட்டம் வரை யாரும் கீழே இறங்குவதில்லை.