லேப்டாப் திரை: சில வருடம் ஓடிய பிறகு தெரியும் வித்தியாசம்

ஓசூரிலோ தருமபுரியிலோ கடையில் லேப்டாப் விசாரித்தால் பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் மனப்பாடமாக வரும். திரையைப் பற்றிக் கேட்டால் "ஃபுல் எச்டி சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஃபுல் எச்டி என்பது 1920x1080 என்ற புள்ளிக் கணக்கு மட்டும்தான். அதே கணக்கில் டிஎன் பேனலும் (படம் தெரியும் தகட்டின் பழைய, மலிவான வகை) வரும், ஐபிஎஸ்ஸும் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) வரும், ஓலெட்டும் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) வரும். ரேம் பத்தவில்லை என்றால் பல மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். திரை பிடிக்கவில்லை என்றால் அதையே பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார வேண்டியதுதான்.

ஸ்பெக் ஷீட்டில் "எஸ்விஏ" என்றிருந்தால் அது டிஎன். "டபிள்யூவிஏ" என்றிருந்தால் ஐபிஎஸ் வகை. "ஆன்டி கிளேர்" என்று மட்டும் இருந்தால், மேற்பூச்சைச் சொல்லியிருக்கிறார்கள், பேனலைச் சொல்லவில்லை. டிஎன்னைக் கண்டுபிடிப்பது சுலபம். நிறமுள்ள படம் ஒன்றைத் திறந்து மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு பக்கம் வெளிறும், மறுபக்கம் இருண்டு நிறம் தலைகீழாகும். இன்றைய தேதிக்கு டிஎன் வாங்கக் காரணமே இல்லை.

சிக்கல் ஐபிஎஸ்ஸுக்குள்தான் இருக்கிறது, ஏனென்றால் எல்லா ஐபிஎஸ்ஸும் ஒன்றல்ல. விலை குறைந்த மாடல்களில் வருவது பெரும்பாலும் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம், 45% என்டிஎஸ்சி (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான ஓர் அளவுகோல்) நிறம். இந்த 45% என்பது இணையத்திலும் கேமராவிலும் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 72% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால்தான் கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜிபி. ஓசூர் ரோஜாவை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து 45% திரையில் திறந்து பாருங்கள்: சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போயிருக்கும், இதழ் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரியும். வாங்குபவருக்குப் பூப்படம் அனுப்புகிறவர், மாம்பழக்கூழ் டின்னுக்கு லேபிள் வடிவமைப்பவர், கல்யாண ஆல்பம் போடுகிற ஸ்டுடியோ, யாராக இருந்தாலும் இந்தத் திரையை நம்பி நிறம் திருத்தினால், அச்சில் சிவப்பு தூக்கலாக அடிக்கும். எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்புக்கு மட்டும் என்றால் 45% போதும். அப்போதும் வெளிச்சத்தில் சமரசம் வேண்டாம்.

250 நிட்ஸ் டியூப்லைட் அறைக்குச் சரி. ஜன்னலோர மேசை, வீட்டுத் திண்ணை, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி போகும் பேருந்தின் வெயில் பக்கச் சீட்டு என்றால் 300 கட்டாயம், 400 இருந்தால் நிம்மதி. பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) உழைக்க உழைக்க மங்கும். 250-இல் தொடங்கினால் பிறகு கையிருப்பே இருக்காது. கடையில் சார்ஜர் மாட்டியே காட்டுவார்கள். "அண்ணா, சார்ஜரைக் கழட்டிட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். பேட்டரியில் ஓடும்போது மின்சாரம் மிச்சப்படுத்த கிராஃபிக்ஸ் டிரைவரே வெளிச்சத்தைக் குறைக்கும், நிறமும் வெளிறும். ஏஎம்டியில் இதற்குப் பெயர் வாரிபிரைட், இன்டெலில் டிஸ்ப்ளே பவர் சேவிங். அந்தந்த டிரைவர் செட்டிங்கில் அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் பேனலின் உண்மை தெரியும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஓலெட்டில் கறுப்பு உண்மையான கறுப்பு. ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000:1 என்பதால், இருட்டறையில் கிருஷ்ணகிரிக் கறுப்பு கிரானைட் படம்கூடச் சாம்பலாகத்தான் தெரியும். ஆனால் ஓலெட்டில் இரண்டு தொல்லை. டாஸ்க்பார் போல அசையாமல் நிற்கும் பகுதி நாளடைவில் தழும்பாகப் பதியலாம், அதனால் டாஸ்க்பாரைத் தானாக மறைய வைத்து, டார்க் மோடில் வேலை செய்யுங்கள். இரண்டாவது, பல ஓலெட்கள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது புள்ளிகளை வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கின்றன. அது 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 முறை) அளவில் இருந்தால் சிலருக்குக் கண் வலி, தலைவலி வரும். வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, போன் கேமராவில் ஷட்டரை 1/1000 நொடிக்கு வைத்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் அதுதான். நாள் முழுக்க ஒரே சாஃப்ட்வேரைத் திறந்து வைத்திருக்கும் கணக்காளருக்கு ஓலெட்டைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நாள்பட்ட திரைகளில் வரும் கோளாறுகளில் பல பையால் வருபவை. கூட்டமான பேருந்தில் பை நசுங்கினால் பேக்லைட் படலத்தில் அழுத்தம் விழுந்து வெள்ளைப் புள்ளிகள் வரும், திரையில் கீபோர்டு அச்சும் விழும். சாப்பாட்டு டப்பாவும் லேப்டாப்பும் பையின் ஒரே அறையில் போகக்கூடாது. கிரானைட் பட்டறைத் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் மேட் (பளபளக்காத) பூச்சு கீறிவிடும். முதலில் ஊதித் தள்ளிவிட்டு, லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

வாங்கிய அன்றே பேனல் எதுவென்று குறித்து வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் மானிட்டர், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போனால் பிஓஇ, ஏயுஓ, சிஎம்என் என்று தயாரிப்பாளர் குறியீடும், எழுத்தும் எண்ணும் கலந்து வரக்கூடிய நான்கு இலக்கக் குறியீடும் வரும். உடைந்தால் மாற்றும்போது அது வேண்டும். 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும்) பேனல்களின் கேபிள் இணைப்பு பெரும்பாலும் 30 பின், 120-க்கு மேல் போனால் 40 பின். பழைய 1366x768 திரையைக் கழற்றி ஃபுல் எச்டி போட நினைப்பவர்கள் கேபிளையும் பாருங்கள். பின் எண்ணிக்கை பொருந்தினாலும், பழைய கேபிளில் ஒரே லேன் (படத் தகவல் போகும் பாதை) மட்டும் இழுத்திருந்தால் படம் வராது. இரண்டு லேன் உள்ள கேபிளைச் சேர்த்தே வாங்க வேண்டும்.