புல்வெட்டும் டிராக்டரை ‘ஃபுல் ஓவராலிங்’ விடப் போகிறவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரி, கடலூர் பக்கம் தோப்போ பண்ணை வீடோ வைத்திருப்பவர்கள், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் டிராக்டர் ஒன்றைப் பழசாக வாங்கி, ஏதாவது ஒரு பட்டறையில் விட்டு மொத்தமாகச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். என் கையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது. கார்புரேட்டர் புதுசு, ஸ்டார்ட்டர் மோட்டார் புதுசு, பேட்டரி புதுசு, டெக் தகடு வேலை, ஸ்பிண்டில் பேரிங் செட், பெல்ட், பிளேடு இரண்டு, பெயின்ட், லேபர் என்று வரிசையாக எழுதி, அடியில் 43,500 ரூபாய் என்று கூட்டிப் போட்டிருக்கிறது. இத்தனையில் நிஜமாகவே புதுசாக வந்த சரக்கு என்று சொல்லக்கூடியது பேட்டரி ஒன்றுதான், அதுவும் மாற்றத் தேவையே இல்லாத பேட்டரி.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 17.5 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின், அடியில் 42 அங்குல டெக், அதாவது பிளேடு சுற்றுகிற தகட்டுக் கூடு, அதில் இரண்டு பிளேடு. ஆரோவில் பக்கம் ஒரு வீட்டில் இருந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது ஞாபகம் இருக்கும், அந்த மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்து டெக் முழுக்க நனைந்து, அதற்கப்புறம் யாரும் கிளப்பாமலே கிடந்தது. விற்றவர் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார், அதற்குத் தகுந்த விலைதான் கேட்டார், அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வருஷம் கூட 2011 என்று அவர் சொன்னது சரிதான். சரிபார்ப்பது சுலபம்: இந்த இன்ஜின்களில் மாடல், டைப் எண்களோடு கோட் என்று ஒரு நீள எண் குத்தியிருப்பார்கள், அதில் முதல் இரண்டு இலக்கம் வருஷம், அடுத்த இரண்டு மாதம், அடுத்த இரண்டு தேதி. 2018 மாடல் என்று சொல்லி விற்பவரிடம் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு தானாகக் குறையும்.

என் குறை எல்லாம் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் அந்தப் பட்டறை மேல்தான். பெரிய இடம், வாசலில் ஜெனரேட்டர், பவர் டில்லர், புல்வெட்டி எல்லாம் நிற்கும், பார்த்தாலே ஒரு நம்பிக்கை வரும். வண்டியைப் பார்த்த உடனே, “சார், தண்ணில நின்ன வண்டி, பிச்சு பிச்சுப் பார்க்க முடியாது, மொத்தமா பேசிக்கலாம்” என்றார் முதலாளி. பில் வேண்டும் என்றதற்கு, “பில்லுன்னா 18 பர்சென்ட் கூட வரும் சார், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?” என்று என் மேல் அக்கறை காட்டினார். அட்வான்ஸை மட்டும் ஜீபேயில் வாங்கிக்கொண்டார். இப்போது எனக்குக் கைகொடுப்பது அந்த ஜீபே பதிவுதான்.

வண்டி திரும்பி வந்தபோது பார்க்க ஜோராக இருந்தது. பச்சைப் பெயின்ட், சக்கரத்துக்கு மஞ்சள், சீட்டுக்குப் புது உறை. முள்ளோடை தாண்டி டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு தோப்புக்கு வந்து சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் பாதிச் சுற்று சுற்றி ‘டக்’ என்று முட்டிக்கொண்டு நின்றது. கொடுக்கும்போது இருந்த அதே கோளாறு. போனில் கேட்டால் பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கும் என்றார்கள். சார்ஜ் ஏற்றியும் அதே முட்டல்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு கோளாறை வைத்துத்தான் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் பலர் தலையில் கட்டப்படுகின்றன. ஒற்றை சிலிண்டர் பெரிய இன்ஜினை அப்படியே முழு கம்ப்ரஷனோடு சுற்றுவது அந்தச் சின்ன ஸ்டார்ட்டரால் ஆகாது. அதனால் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள், ஸ்டார்ட் ஆகும் வேகத்தில் அது ஒரு வால்வை ஒரு நூல் தூக்கி, அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும். வால்வுக்கும் அதை அமுக்குகிற ராக்கருக்கும் இடையில் இருக்கவேண்டிய சந்து தேய்மானத்தில் அதிகமாகிவிட்டால் அந்த மேடு வால்வைத் தொடவே தொடாது, முழு அழுத்தமும் பிஸ்டன் தலையில் உட்காரும், ஸ்டார்ட்டர் முட்டும். பார்ப்பவருக்கு அச்சு அசலாக பேட்டரி இறங்கின மாதிரியே இருக்கும். இதற்கு வைத்தியம், வால்வு மூடியைக் கழற்றி, பிஸ்டனை உச்சியிலிருந்து கால் அங்குலம் கீழே இறக்கி, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு இன்டேக் 0.003–0.005 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.005–0.007 அங்குலம் என்று வைப்பது, அவ்வளவுதான். பாகம் எதுவும் வாங்கவேண்டாம். வால்வு மூடி போல்ட்டின் மேல் பழைய பெயின்ட் உடையாமல், அதற்கு மேலேயே புதுப் பெயின்ட் அடித்திருந்தது. ஓவராலிங் ஆனதாகச் சொன்ன இன்ஜினின் மூடியையே யாரும் திறக்கவில்லை!

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கடலூர் பழைய டவுனில் போட் இன்ஜினும் தண்ணீர் இறைக்கும் இன்ஜினும் பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். தோப்புக்கு வந்து, சாவியை ஒரு தரம் திருப்பிக் கேட்டுவிட்டு, “தம்பி, இதுல ஸ்டார்ட்டரை யாரு மாத்தச் சொன்னது?” என்றார். அப்புறம் ஸ்டார்ட்டரைக் கழற்றினால் அதுவும் பழசுதான், மேலே கறுப்பு ஸ்பிரே. வால்வு சந்து வைத்ததும் முதல் சாவியிலேயே பிடித்தது. அவர் வாங்கிய கூலி 600 ரூபாய், அதையும் யோசித்து யோசித்துத்தான் கேட்டார்.

இன்ஜினை நிறுத்தும்போது சைலன்சரில் ‘டமார்’ என்று ஒரு வெடிச்சத்தம் வந்தது. கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் கரன்டில் வேலை செய்கிற அடைப்பான் ஒன்று, சொலினாய்டு என்பார்கள், உண்டு, சாவியை அணைத்ததும் அதன் ஊசி மேலே வந்து பெட்ரோல் போகிற ஜெட்டை அடைக்கவேண்டும். அந்த ஊசியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டிருந்தார்கள். சொலினாய்டு வேலை செய்யவில்லை, புதுசு போட மனசில்லை, நறுக்கினால் வண்டி ஓடும், அவர்கள் கணக்கு அதோடு முடிந்தது. ‘புது’ கார்புரேட்டரும் தின்னரில் கழுவிய பழைய கார்புரேட்டர்தான்.

டெக்குக்கு வருவோம், பணம் அதிகம் போனது அதில்தான். கடற்கரைக் காற்றில் தகடு எப்படி அரிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெட்டிய ஈரப்புல் டெக்கின் உள்பக்கம் அப்பிக்கொண்டு காயாமலே கிடக்கும், பிளேடு மாட்டும் அச்சான ஸ்பிண்டில் உட்காரும் இடத்தைச் சுற்றித்தான் முதலில் ஓட்டை விழும். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ததாகச் சொல்லித் தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து டெக் மேல் வைத்துக்கொண்டே போனேன், ஸ்பிண்டில் பக்கம் வந்ததும் காந்தம் பொத்தென்று விழுந்தது. கார் டிங்கரிங்கில் அப்புகிற பட்டி! ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து அதன் மேல் பட்டி பூசியிருக்கிறார்கள். பழைய டிராக்டர் டெக் வாங்குபவர்களும், சரி பண்ணி வாங்கிக்கொள்பவர்களும் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மாற்றவில்லை. என் டெக்கில் இருப்பது 6203, உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும் சாதாரண அளவு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு பிளேடைக் கையால் சுற்றினால் சத்தமே வரக்கூடாது, எனக்கு மணல் அரைக்கிற சத்தம் வந்தது. பெல்ட் என்று போட்டிருந்தது மாவு மில்லுக்குப் போடுகிற சாதாரண பி செக்‌ஷன் பெல்ட். அகலம் சரியாகத்தான் இருக்கும், அதனால் கடைக்காரரே “இது போதும் சார்” என்பார். ஆனால் டெக் பெல்ட், பிளேடு நிற்கும்போது, ஓடுகிற இன்ஜின் புல்லியில் தளர்வாக உரசிக்கொண்டு கிடக்கவேண்டும், பெல்ட்டை இறுக்குகிற புல்லி அதன் முதுகுப் பக்கத்தில் அழுத்தும், அதற்காகத்தான் உள்ளே அராமிட் நூலும் வெளியே தனித் துணியும் வைத்துச் செய்கிறார்கள். மில் பெல்ட் அரை மணி நேரத்தில் புகைந்துவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். பிளேடு அப்படி இல்லை. ‘புது பிளேடு’ என்று மாட்டியிருந்தது லாரியின் பழைய பட்டை ஸ்பிரிங்கை அறுத்து, நடுவில் நட்சத்திர ஓட்டைக்குப் பதிலாக வட்ட ஓட்டை போட்டு, வாஷர் வைத்து வெல்டிங் அடித்த இரண்டு துண்டு. பிளேடின் நுனி வேகத்துக்கு அமெரிக்கத் தரவிதியில் வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். கல்லில் பட்டால் வளையும்படி பதம் பார்த்துச் செய்வார்கள் நல்ல பிளேடை. ஸ்பிரிங் எஃகு வெல்டிங் சூட்டில் அந்தத் தையலை ஒட்டி உடையும் பதத்துக்கு வந்துவிடும், தென்னைமரத்து வேரிலோ செங்கல்லிலோ பட்டால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆணியில் மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் தொங்குகிறது, அந்த ஆட்டத்திலேயே புது பேரிங் போட்டாலும் நிற்காது. இது போதாதென்று சீட்டுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஓட்டுபவர் கீழே விழுந்தாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். விடுமுறைக்கு வந்த என் தங்கை பிள்ளைகள் அந்த வண்டியைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

நேரில் போய்க் கேட்டேன். “பழைய வண்டி சார், நீங்க குடுத்த காசுக்கு இவ்ளோதான் வரும்” என்றார் முதலாளி. கழற்றிய பழைய பாகங்களைக் காட்டுங்கள் என்றால், இரும்புக் கடைக்குப் போட்டாச்சு என்றார். பிளேடைக் கையில் கொடுத்தால், அது நாங்கள் போட்டதே இல்லை என்றார். துண்டுச்சீட்டைக் காட்டியதும், “கையெழுத்து யாரோடது சார்?” என்று என்னையே கேட்டார் பாருங்கள், அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

வேறு யாரிடமாவது வேலைக்கு விடுகிறீர்கள் என்றால், என்ன கோளாறு, அதை எப்படிப் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பாகத்துக்குப் பாகம் விலை எழுதி வாங்குங்கள், கழற்றியதெல்லாம் சாக்கில் கட்டி என் கைக்கு வரவேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள், வண்டியை விடும்முன் டெக்கைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் போட்டோ எடுங்கள். ‘மொத்தமா பேசிக்கலாம்’ என்றால் வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். இன்னொன்று, இதில் பட்டறையைக் குறை சொல்ல முடியாது: பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பிரிக்ஸ் இன்ஜின்களுக்கு அனுமதி 10 சதவீதம் வரைதான். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று கேன் கேனாக வாங்கி வைத்து, மழைக்காலம் முழுக்க டேங்கிலேயே விட்டுவிடாதீர்கள், நிறுத்தி வைக்கும்போது டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள்.

எல்லைப் பிரச்சினை வருமோ என்று தயங்கினேன், பட்டறை புதுச்சேரி, நான் கடலூர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போடவேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்தேன், அப்புறம் வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. ரிசார்ட் நடத்துபவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு, வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடும், வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கிடைத்த மறுநாள் பட்டறையிலிருந்து போன், பிளேடை மட்டும் மாற்றித் தருகிறார்களாம், வண்டியை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பவில்லை. பட்டி, பெல்ட், பிளேடு, நறுக்கிய சொலினாய்டு எல்லாம் சாக்கில் கட்டி வீட்டில் வைத்திருக்கிறேன்.

வழக்குப் போகப்போவதால் பெயரை இங்கே போடவில்லை. உங்கள் வண்டியும் இதே மாதிரி பச்சையும் மஞ்சளுமாகத் திரும்பி வந்திருந்தால், முதலில் பிளேடைக் கழற்றிப் பாருங்கள், ஓட்டவேண்டாம். துண்டுச்சீட்டு பத்திரமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே போடலாம்.