கோம்பாக் பழைய சாலையா, பெராஸ் மலையா: இறக்கத்தை வைத்து ஓர் ஒப்பீடு

கோலாலம்பூரில் சாலை மிதிவண்டி ஓட்டுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை மலையேற நினைத்தால், பெரும்பாலும் மூன்று திசைகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறார்கள். வடக்கே பத்துமலையிலிருந்து உலு யாம், வடகிழக்கே கோம்பாக் பழைய சாலை வழியாகக் கெந்திங் செம்பா கணவாய், தென்கிழக்கே உலு லங்காட் வழியாகப் பெராஸ். மூன்றிலும் சில ஆண்டுகள் மாறி மாறி ஓட்டிய பிறகு, வாராந்தர ஓட்டத்திற்குக் கோம்பாக் ஒன்றே போதும் என்று கடந்த ஆண்டு முடிவு செய்தேன். ஆகவே இது நடுநிலையான ஒப்பீடு அன்று.

கெந்திங் மலையுச்சிக்குச் செல்லும் சாலையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. லங்காவி சுற்று மிதிவண்டிப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்றத்தின் மீது ஆசை வருவது இயல்புதான். ஆனால் 2013 ஆகஸ்ட் 21 அன்று பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்தது அந்த மலையிலிருந்து இறங்கும் வழியில்தான். வாரந்தோறும் இறங்குவதற்கான சரிவு அன்று அது. பிரேசர் மலை அழகானது, ஆனால் நகரத்தில் இருப்பவர் கோலகுபு பாரு வரை வண்டியைக் காரில் ஏற்றிச் செல்லவேண்டும். முழு நாளும் அதற்கே போய்விடும்.

உலு யாம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்துமலையிலிருந்து சுங்கை துவா சாலையில் ஏறி, பத்து அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டே, ஏறுவதும் இறங்குவதுமாக உலு யாம் பாரு வரை செல்லலாம். புதிதாக மலைச் சாலைக்கு வருபவரை நான் முதலில் அங்குதான் அழைத்துச் செல்வேன். கடைசியில் லோர் மீ நூடுல்ஸ் கிண்ணம் காத்திருக்கிறது என்பதும் ஒரு காரணம். குறை என்னவென்றால், ஓடைகளில் குளிக்க வரும் குடும்பங்களின் கார்கள் பத்து மணிக்குள் சாலையோரத்தை நிறைத்துவிடும். தைப்பூச வாரத்தில் பத்துமலையிலிருந்து புறப்படும் எண்ணத்தையே கைவிட்டுவிடலாம்.

எனவே உண்மையான போட்டி கோம்பாக்கிற்கும் பெராஸுக்கும் இடையில்தான்.

ஏற்றத்தை மட்டும் பார்த்தால் பெராஸ் வெல்லும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செராஸ் ஒன்பதாம் கட்டையிலிருந்து (மைல்கல்) பதினான்காம் கட்டை, பதினெட்டாம் கட்டை என்று கம்போங் சிற்றூர்களையும் பழத்தோட்டங்களையும் கடந்து செல்லும் சமதளமே நல்ல சூடேற்றம். சுங்கை லூயைத் தாண்டிய பிறகு தொடங்கும் மலை, சிலாங்கூர் – நெகிரி செம்பிலான் எல்லையில் முடிகிறது. நீளத்தில் அது கோம்பாக் ஏற்றத்தின் பாதிதான். சரிவோ அதைவிடக் கூடுதல். உடலைச் சோதிக்க விரும்புபவருக்கு அது நிறைவளிக்கும். கோம்பாக் ஏற்றம் அப்படியன்று. ஒராங் அஸ்லி (பூர்வகுடியினர்) மருத்துவமனையைக் கடந்து, மூங்கில் காட்டின் ஊடே ஒரே சீராக, சராசரியாகச் சுமார் 4 விழுக்காட்டுச் சரிவில், பகாங் எல்லை வரை அது நீண்டுகொண்டே போகும். சிலருக்கு இது சலிப்பூட்டும். 1970களின் இறுதியில் காராக் நெடுஞ்சாலையும் கெந்திங் செம்பா சுரங்கப்பாதையும் வருவதற்கு முன், பெந்தோங் பக்கம் போகும் லாரிகளும் பேருந்துகளும் இந்த வழியாகத்தான் ஏறின. பாரம் ஏற்றிய வண்டிகள் மூச்சு வாங்காமல் ஏறவேண்டும் என்பதற்காக மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்துப் போட்ட சாலை, இன்று கால்களால் ஏறுபவருக்கும் அதே சலுகையைத் தருகிறது.

பத்துமலையில் பசியாறும்போது சந்திக்கும் மூத்த நண்பர் ஒருவர் என்னிடம் அடிக்கடி, “ஏறத் தெரிஞ்சா போதும் தம்பி, இறக்கம் தானா உருண்டு வந்துரும்” என்பார். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெராஸிலிருந்து இறங்கும்போது, வளைவு ஒன்றில் ஈர இலைகளின் மேல் முன்சக்கரம் வழுக்கி, எதிர்த்தடத்தின் விளிம்பு வரை சறுக்கிப்போய் நின்ற பிறகுதான், மலைகளை ஏற்றத்தை வைத்து ஒப்பிடுவதை விட்டேன். எதிரே அப்போது எந்த வண்டியும் வரவில்லை என்பது என் திறமை அன்று.

இறக்கத்தில் மூன்று செய்திகள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது சரிவு. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், மிதிக்காமலும் பிரேக் பிடிக்காமலும் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் நிலையில், 4 விழுக்காட்டுச் சரிவில் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதும் காற்றின் எதிர்ப்பு அதற்குமேல் விடாது. 7 விழுக்காட்டுச் சரிவில் அதே ஆள் 60 கிலோமீட்டரை நெருங்குவார். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப நிறுத்தும் தூரம் கூடும் என்பதால், இவ்விரண்டு வேகங்களுக்கும் இடையில் நிறுத்துவதற்குத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது. கோம்பாக்கில் மலையே என் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பெராஸின் செங்குத்தான பகுதிகளில் அந்த வேலை முழுவதும் என் விரல்களின் மேல் விழுகிறது.

இரண்டாவது ஈரம். இரண்டு சாலைகளும் அடர்ந்த காட்டின் நிழலில் செல்பவை. முந்தைய மாலை பெய்த மழை மறுநாள் காலை ஒன்பது மணியானாலும் வளைவுகளின் உட்புறத்தில் காயாமல் இருக்கும். அதன் மேல் மூங்கில் இலைகளும் பாசியும் படிந்திருக்கும். இந்த விஷயத்தில் கோம்பாக் ஒன்றும் உயர்ந்ததன்று. சில இடங்களில் சரிந்து வந்த மண்ணும் சாலையில் படிந்து கிடக்கும். ஆனால் 35 கிலோமீட்டர் வேகத்தில் அதைப் பார்ப்பதும் 55 கிலோமீட்டர் வேகத்தில் பார்ப்பதும் ஒன்றாகாது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக் உள்ள வண்டிகளில், ஈரப் படலம் துடைக்கப்படும் வரை முதல் ஓரிரு சுற்றுகளுக்குப் பிடிமானமே கிடைக்காது. தட்டு பிரேக் வைத்திருப்பவர்கள் இந்த வாதத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். டயரின் பிடிமானம் அவர்களுக்கும் அதே ஒன்றுதான்.

மூன்றாவது, எதிரே வருபவர்கள். உலு லங்காட் பெரிய மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் மிகவும் பிடித்த இடம். வார இறுதியில் அவர்கள் வளைவுகளில் சாய்ந்து ஏறும்போது நடுக்கோட்டை மதிப்பார்கள் என்று எதிர்பார்த்து இறங்குவது அறிவுடைமை ஆகாது. கோம்பாக்கிலும் மோட்டார்களும் வேகக் கார்களும் உண்டு. அதோடு காராக் நெடுஞ்சாலை நெரிசலில் அடைபட்டுவிட்டால், பொறுமையிழந்த கார்கள் பழைய சாலைக்குள் நுழைந்துவிடும். அதனால் பெருநாள் விடுமுறைகளில் நான் அங்கே போவதில்லை. மற்ற ஞாயிறுகளில், போக்குவரத்தின் பெரும்பகுதியை நெடுஞ்சாலை விழுங்கிக்கொள்வதால், பழைய சாலை நமக்கு மிஞ்சுகிறது. டுரியான் காலத்தில் உலு லங்காட்டில் இன்னொரு தொல்லையும் சேரும்: சாலையோரப் பந்தலைக் கண்டதும் சமிக்ஞை எதுவும் காட்டாமல் நின்றுவிடும் கார்.

நேரமும் இறக்கத்தோடு ஒட்டியதுதான். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டதால், இங்கே சூரியன் பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் தலைகாட்டுகிறது. ஆறு மணிக்கு விளக்குடன் புறப்பட்டால் ஏற்றத்தின் முதல் பகுதி இருட்டில் கழியும். இருட்டில் ஏறுவதில் பெரிய சிக்கல் இல்லை, வெளிச்சம் வந்த பிறகு இறங்கினால் போதும். கோம்பாக்கின் நீண்ட ஏற்றம் இந்தக் கணக்குக்கு இயல்பாகவே பொருந்துகிறது. மேலே கெந்திங் செம்பா ஓய்விடத்தில் கழிப்பறையும் உணவும் உண்டு. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் சாலையும் சற்றுக் காய்ந்துவிடும். பெராஸ் பக்கம் சுங்கை லூய்க்குப் பிறகு கடைகள் அருகிவிடுவதால், காத்திருப்பதற்கான இடமும் காரணமும் இல்லாமல் உடனே இறங்கத் தோன்றும். நான் வழுக்கியதும் அப்படி அவசரப்பட்ட ஒரு காலையில்தான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வலுக்கும் என்பதால், எந்த மலையானாலும் நண்பகலுக்குள் அடிவாரத்தில் இருப்பது நல்லது.

திரும்பும் வழியும் கோம்பாக்கிற்கே சாதகம். இறங்கி முடித்ததும் வீடு பக்கத்தில். எனக்கு அது செத்தாப்பாக். பெராஸிலிருந்து அம்பாங் வழியாகத் திரும்புபவர், களைத்த கால்களோடு, உச்சிவெயிலில் இன்னொரு குன்றை ஏறவேண்டும். செராஸ் வழியாகத் திரும்பினால் குன்று இல்லை, நெரிசல் உண்டு. காஜாங், செமினி பக்கம் குடியிருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். அவர் கோம்பாக் வரை நகரத்தைக் குறுக்கே கடந்து வருவது பொருளற்றது.

பெராஸைத் தாண்டி கோல கிளாவாங்கில் இறங்கும் மறுபக்கத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டே முறைதான் போயிருக்கிறேன். இரண்டு நாளும் வெயில் காய்ந்த சாலை, உடன் வந்தவர்கள் நிதானமானவர்கள். அந்த நல்ல நினைவை வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் பிறரை அங்கே அனுப்ப முடியாது.

பெராஸை அடியோடு விட்டுவிடவும் இல்லை. மாதத்தில் ஒருமுறை, முந்தைய நாள் மழை இல்லாத வார நாளில், விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறேன். அதற்கு முந்தைய இரவு பிரேக் ரப்பர்களைக் கழற்றி, அதில் பதிந்திருக்கும் மணல் துகள்களை ஊசியால் நோண்டி எடுத்துவிடுவேன். கோம்பாக்கிற்கு மட்டும் ஓடிய மாதங்களில் அந்த ரப்பர்கள் தேய்வது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்திருக்கிறது.