கோபில்ட் அகராதியும் ‘ஃபாலோ’ என்ற சொல்லும்

ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் பார்க்க ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று போதும். அச்சொல்லை வாக்கியத்தில் எப்படி அமைப்பது என்று அறிய வேறு வகை நூல் வேண்டும். பினாங்கு சௌராஸ்தா சந்தை மேல்மாடியிலுள்ள பழைய புத்தகக் கடையொன்றில் பேரம் பேசி வாங்கிய காலின்ஸ் கோபில்ட் ஆங்கில அகராதி, 1987ஆம் ஆண்டு முதற்பதிப்பு, அந்த வகையைச் சேர்ந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் சின்கிளேர் தலைமையில், எழுத்திலும் பேச்சிலும் வழங்கிய ஏறத்தாழ 2 கோடிச் சொற்களைக் கணினியில் திரட்டி ஆராய்ந்து தொகுத்த நூல் இது.

விளக்கத்தை முழு வாக்கியமாகத் தருவதே இதன் சிறப்பு. ‘ஃபாலோ’ என்பதற்குப் ‘பின்தொடர், பின்பற்று’ என்று இரண்டு சொற்களோடு நம் கையகராதிகள் நின்றுவிடுகின்றன. இந்நூலோ, நீங்கள் ஒருவரை ஃபாலோ செய்தால் அவர் போகுமிடத்துக்கே அவர் பின்னால் செல்கிறீர்கள் என்ற பாங்கில் சொல்வதால், யார், யாரை என்பதும், இடையில் வேறு சொல் தேவையில்லை என்பதும் விளக்கத்திலேயே விளங்கிவிடுகின்றன. அறிவுரைப்படி நடத்தல், பேச்சு புரிதல் ஆகிய பொருள்களும் இவ்வாறே வருகின்றன. இலக்கணக் குறிப்புகளுக்கு ஓரத்தில் தனிப் பத்தி உண்டு.

‘பின்வருமாறு’ என்று பொருள்படும் ‘ஆஸ் ஃபாலோஸ்’ என்ற தொடரையும் இங்கே காணலாம். பின்வரும் காரணங்கள் எத்தனையாக இருந்தாலும் இறுதி ‘ஸ்’ விடுபடக்கூடாது, எஸ்.பி.எம். எனும் மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வுக் கட்டுரைகளிலும், ஆலயக் கூட்ட அறிக்கைகளிலுங்கூட, அது தவறாமல் விடுபடுகிறது.

நம் மலேசிய ஆங்கில வழக்குக்கு இதில் இடமில்லை. ‘ஐ ஃபாலோ யூ’ என்று இங்கே ஒருவர் சொன்னால், உங்கள் காரிலேயே ஏறி உடன் வருகிறார் என்று பொருள். மலாய் மொழியின் ‘இக்குட்’ என்ற சொல் பின்செல்வதையும் உடன்செல்வதையும் ஒருசேரக் குறிப்பதன் விளைவு அது. லண்டன்காரர் அதைக் கேட்டால், தம் காருக்குப் பின்னால் இன்னொரு கார் வரும் என்றே எண்ணுவார். பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் திரட்டிய நூலில் இதைத் தேடுவது நியாயமன்று என்றாலும், மலேசிய மாணவருக்கு ஆசிரியர் இதைத் தனியே சொல்லித்தான் ஆகவேண்டும். சமூக ஊடகத்தில் ஒருவரை ஃபாலோ செய்வது பற்றி 1987ஆம் ஆண்டு நூல் எதுவும் அறியாது.

ஐந்தாம் படிவ மாணவருக்கு வாங்குவதானால் புதிய பதிப்பே ஏற்றது. ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் 30 ரிங்கிட்டுக்குள் கிடைத்தால் இந்தப் பழைய பதிப்பையே வாங்கலாம். நூல் கனமானது, பணம் கொடுக்கும் முன் முதுகுக் கட்டு பிரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.