மனப்பாடத்துக்குத் தெரு நல்லதா, திரை நல்லதா?

ஒரு பட்டியலை வரிசை மாறாமல் நினைவில் வைக்கப் பழைய வழி ஒன்று உண்டு. தெரிந்த இடத்தில் மனதுக்குள் நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சொல்லை வைத்துவிட்டு வர வேண்டும்; பிறகு அதே வழியில் மறுபடி நடந்தால் சொற்கள் வரிசையாகக் கிடைக்கும். கிரேக்கக் கவிஞர் சிமோனிடீஸ் கண்டுபிடித்தது என்பார்கள்.

நான் முதலில் எடுத்தது ஏற்காட்டுச் சாலை. சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். இருபது சொல்லுக்கு இருபது வளைவு, கச்சிதம் என்று நினைத்தேன். சொதப்பல்தான். எண் பலகையை எடுத்துவிட்டால் ஏழாவது வளைவும் பதினொன்றாவதும் எனக்கு ஒன்றுதான். அப்புறம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கத்துக் கடைவீதிக்கு மாறினேன். பூக்கடை, டீக்கடை, செருப்பு தைப்பவர் என ஒவ்வொன்றுக்கும் தனி முகம், தனி வாசனை. பதினெட்டு சொற்கள் தேறின.

அடுத்தது தம்பி பையனின் கணினி விளையாட்டில் வரும் வீடு. பத்து நிமிடம் சுற்றிப் பார்த்ததற்கே பதினாறு வந்தது. இதில் ஆச்சரியமில்லை. கனடாவில் நடத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்விலும், மெய்நிகர் இடத்தை ஐந்தே நிமிடம் பார்த்தவர்கள், பழகிய இடத்தை நினைத்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகச் செய்தார்கள்.

திரையில் ஒரு வசதி: பட்டியலுக்குப் பட்டியல் புது வீடு கிடைக்கும். கடைவீதியில் நேற்றைய சொற்கள் இன்னும் டீக்கடையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆனாலும் ஒரு வாரம் கழித்துக் கேட்டால், எனக்குக் கடைவீதிதான் பதில் சொல்கிறது.