நிழல் விழும் தோட்டத்துக்கு நந்தியாவட்டையா, இட்லிப்பூவா?

மாமரத்தடியிலும் வடக்குச் சுவரோரத்திலும் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்க இரண்டுமே போதும். பூ வேண்டுமென்றால்தான் கணக்கு மாறும்.

இட்லிப்பூவுக்குத் தினம் நாலைந்து மணி நேர வெயில் வேண்டும். குறைந்தால் கிளை நீளும், கொத்து சிறுக்கும். நந்தியாவட்டைக்கு இரண்டு மூன்று மணி நேரக் காலை வெயிலே போதும்.

இட்லிப்பூவை அதிகம் படுத்துவது மண். சுவரோரத்தில் சிமெண்டுக் கழிவு கிடக்கும். அதோடு உப்பான போர்வெல் தண்ணீர் வேறு. இவற்றால் மண்ணில் காரத்தன்மை ஏறினால் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. துளிர் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினால் நிலைமை மோசமாகும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். ஒன்றரை அடிக் குழி எடுத்து, கழிவை அகற்றி, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்பாவிட்டால் மஞ்சள் திரும்பவும் வரும்.

நந்தியாவட்டை இவ்வளவு அடம் பிடிக்காது. ஆனால் நிழலில் மண் மெதுவாகக் காயும். மேல் இரண்டு அங்குலம் உலராமல் தண்ணீர் விட்டால் வேர் அழுகும். இலை திடீரென மொட்டையானால் தரையில் கருப்பு எச்சம் தேடுங்கள்: மேலே விரல் தடிமனில் பச்சைப் புழு இருக்கும். கையால் எடுத்தாலே தீர்ந்தது.

கவாத்திலும் கவனம் வேண்டும். இட்லிப்பூ கிளை நுனியில்தான் பூக்கும், அடிக்கடி வெட்டினால் பூ கிடைக்காது. நந்தியாவட்டையை வெட்டும்போது பால் கண்ணில் படக்கூடாது.

அரை நாள் வெயில்கூட இல்லாத இடமா? யோசிக்காமல் நந்தியாவட்டை.